மறைத்தலும் மறுத்தலும்
(யூசுப்கான் என்ற திலீப்குமாரை முன்வைத்து)

ஒரு மனிதன் தன் பெயரை மறைத்துக்கொண்டு பிழைத்தால் அது பொய்யாகுமா? பொய் என்றால் அது யாருக்குச் சொல்லப்பட்ட பொய்? பொய்யல்ல என்றால், அதைக் கேள்விப்படும்போது நமக்குள் ஏன் ஒரு நெருடல் எழுகிறது? திலீப்குமார் என்ற பெயரில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஹிந்தித் திரையில் வாழ்ந்த முகம்மது யூசுப்கானின் வாழ்க்கையை முன்வைத்து இக்கேள்விகளைச் சிந்திக்கலாம் எனத் தோன்றுகிறது.

ஒரு சினிமா நடிகரை வைத்துக்கொண்டா ஒழுக்கம் பேசுவது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சினிமா ஆகுமா ஆகாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். இக்கட்டுரை அதற்குள் நுழையவில்லை. இது பெயரைப் பற்றியது. அந்த நடிகரும் நமக்கு அந்நியரல்லர். கிண்ணியாவிலும் மூதூரிலும் எழுபதைக் கடந்த காக்காமார் பலர் இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாஷை விளங்காமலேயே பாட்டையும் படத்தின் பெயரையும் மனனம் செய்து வைத்திருப்பார்கள். திலீப்குமார் ‘நம்மட ஆள்’ என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்த ‘நம்மட ஆள்’ ஏன் நம்முடைய பெயரில் இல்லை என்று கேட்டால் அதே குரல் சற்றுத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறக்கிறது.

யூசுப்கான் 1922 டிசம்பர் 11ஆம் திகதி பெஷாவரில் கிஸ்ஸா குவானி பஜார்ப் பகுதியில் பிறந்தவர். தந்தை லாலா குலாம் சர்வர்கான் பழ வியாபாரி. பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம். வியாபாரத்தின் பொருட்டுக் குடும்பம் பம்பாய்ப் பக்கம் வந்தது. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் யூசுப் படித்தார். இளைஞனானதும் வீட்டில் ஏற்பட்ட மனத்தாங்கலில் பூனாவுக்குச் சென்று, இராணுவத்தினரின் கேளிக்கைக் கழகமொன்றில் சாண்ட்விச் விற்றுப் பணம் சேர்த்தார். 1942இல் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தை நடத்திவந்த தேவிகா ராணியைச் சந்தித்தார். மாதம் 1250 ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. அது வருடச் சம்பளமாக இருக்கும் என்றே யூசுப் முதலில் எண்ணினாராம். பழக்கடைக்காரரின் மகனுக்கு அத்தொகை அவ்வளவு பெரிது.

திரைக்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை தேவிகா ராணியிடமிருந்து வந்தது. யூசுப் உடனே தலையாட்டவில்லை. யோசித்துப் பார்த்தே சம்மதித்தார். 1944இல் ‘ஜ்வார் பாட்டா’ வெளிவந்தபோது அதில் யூசுப்கான் இல்லை, திலீப்குமார் இருந்தார்.

ஏன் சம்மதித்தார்? தந்தைக்குப் பயந்துதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். குலாம் சர்வர்கானுக்குக் கூத்தும் நடிப்பும் பிடிக்காது. அவருடைய நெருங்கிய நண்பர் பஷேஷ்வர்நாத் கபூரின் மகன் பிருத்விராஜ் நடிகரானதைச் சொல்லிச் சொல்லி நண்பரைக் கேலி செய்தவர் அவர். தன் மகனும் அதே தொழிலுக்குப் போய்விட்டான் என்பதை அவர் நெடுநாள் அறியவில்லை. 1947இல் வந்த ‘ஜுக்னு’ படத்தின் பெரிய விளம்பரப் பலகையைக் காட்டி, அதில் இருப்பது யார் என்று பார் எனத் திருப்பிக் கேலி செய்தவர் அதே நண்பர்தான். தந்தை உடைந்துபோனார். பல நாட்கள் மகனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே இந்தப் பெயரால் முதலில் ஏமாற்றப்பட்டவர் யூசுபின் வாப்பாதான். இது ஒரு குற்றமே. ஆனால் நம் ஊர்களில் வாப்பாவுக்குத் தெரியாமல் பாட்டெழுதியவர்களும், படம் பார்த்தவர்களும், வேறு பெயரில் பத்திரிகைக்குக் கதை அனுப்பியவர்களும் செய்த குற்றத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. மகன் வளர்ந்து, தந்தை மன்னித்து, காலம் அதனைத் தீர்த்துவிடும். தீராத பகுதி வேறொன்று. பயம் தந்தையோடு மட்டும் நின்றிருந்தால், 1947இல் உண்மை வெளிப்பட்ட பிறகு யூசுப் தன் பெயருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, திரும்ப இயலவில்லை என்பதே பொருத்தம். சந்தை அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே ஆண்டில் நாடும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அக்காலத்துப் பம்பாய்த் திரையில் இவர் தனியாள் அல்லர். மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனார். மஹ்ஜபீன் பானு மீனாகுமாரி ஆனார். பத்ருத்தீன் காஸி ஜானி வாக்கர் ஆனார். சுரையா போன்று சொந்தப் பெயரில் நின்றவர்களும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு விடயம் கவனத்துக்குரியது. 1952இல் வெளிவந்த ‘பைஜு பாவ்ரா’வில் வரும் ஹரி பஜனையை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முகம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள், மூவரும் சொந்தப் பெயரில். ஹரியைப் பாடும் குரலுக்கு முகம்மது என்ற பெயர் இருக்கலாம். காதலிக்கும் கதாநாயகனின் முகத்துக்கு யூசுப் என்ற பெயர் இருக்கலாகாது. எழுதப்படாத இந்தச் சட்டத்தை யார் இயற்றினார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். தயாரிப்பாளர் ரசிகனைக் காட்டுவார். ரசிகனைக் கேட்டால் ‘எங்களுக்கு என்ன பெயர் என்றாலும் சரிதானே’ என்பான்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. அங்கே மாற்றவேண்டியிருந்தது யூதப் பெயர். ஐசர் டேனியலோவிச் கேர்க் டக்ளஸ் ஆனார். பெர்னார்ட் ஷ்வார்ட்ஸ் டொனி கேர்ட்டிஸ் ஆனார். டக்ளஸின் நிறுவனம் தயாரித்து 1960இல் வெளியான ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தின் வசனகர்த்தா டால்ட்டன் ட்ரம்போ. கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் இடப்பட்டுப் பல ஆண்டுகள் பிறர் பெயரில் எழுதியே வயிறு வளர்த்தவர் அவர். ‘ஸ்பார்ட்டகஸ்’ திரையில் அவருடைய சொந்தப் பெயர் பகிரங்கமாக இடம்பெற்றது. தன் பெயரை விட்டுக்கொடுத்து முன்னேறிய ஒருவரின் நிறுவனம் இன்னொருவரின் பெயரை மீட்டுக்கொடுத்தது. பெயர் மாற்றியவன் என்று ஒருவனை ஒரே வார்த்தையில் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இதனை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம்.

நமது மார்க்க மரபு பெயரைப் பற்றி என்ன போதிக்கிறது? பொருள் கெட்ட பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். மாறு செய்பவள் என்ற பொருளில் பெயர் கொண்டிருந்த பெண்ணுக்கு ஜமீலா என்று பெயரிட்டார்கள். கரடுமுரடு என்று பொருள்படும் ‘ஹஸ்ன்’ என்ற பெயருடையவருக்கு, மென்மையைக் குறிக்கும் ‘ஸஹ்ல்’ என்ற பெயரைச் சொன்னபோது, என் தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்தார். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரர் ஸஈத் இப்னுல் முஸய்யிப் பிற்காலத்தில் வருந்தினார். ஆகவே தந்தை இட்டார் என்பதனால் மட்டும் ஒரு பெயர் தொடமுடியாததாகிவிடுவதில்லை. மறுபுறம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்கவேண்டும் என்று குர்ஆன் கட்டளையிட்டது. முகம்மதின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். பெயரை மாற்றலாம், வேரை மாற்றக்கூடாது என்பதாக நான் இதனை விளங்கிக்கொள்கிறேன்.

மறைத்தல் பற்றியும் அங்கே வெளிச்சம் உண்டு. பிர்அவ்னின் கூட்டத்தில் ஈமானை மறைத்து வைத்திருந்த ஒரு மனிதரைக் குர்ஆன் நமக்குக் காட்டுகிறது. அவர் மறைத்தது குறையாகச் சொல்லப்படவில்லை. மூஸா (அலை) அவர்களைக் கொல்லச் சதி நடந்தபோது அவர் சபையில் வாய்திறந்தார் என்பதே அங்கு முக்கியம். யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் கேட்டு வந்த சகோதரர்கள் அவரை யாரென்று அறியாமல் அஸீஸ் என்று விளித்தார்கள். அவர் தம்மை உடனே வெளிப்படுத்தவில்லை. உரிய வேளை வந்ததும் நான்தான் யூசுப் என்றார். ஒரு நபியோடு நடிகரை ஒப்பிடுவதல்ல என் நோக்கம்; அது தகாது. மறைத்தல் வேறு, மறுத்தல் வேறு என்பதைச் சொல்லவே இவற்றை நினைவூட்டினேன். மறைப்பவன் வேளை வந்தால் வெளியே வருவான். மறுப்பவனுக்கு அந்த வேளை ஒருபோதும் வராது. இவ்விரண்டில் யூசுப்கான் எந்தப் பக்கம் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அவர் தன் வேடங்களை மேலோட்டமாகப் போட்டுக் கழற்றியவர் அல்லர். ‘தேவதாஸ்’ (1955) போன்ற துயரப் பாத்திரங்களைத் தொடர்ந்து ஏற்றதால் மனம் தளர்ந்து, இங்கிலாந்தில் மனநல மருத்துவரிடம் ஆலோசனை பெற்றார். சற்று இலேசான வேடங்களை ஏற்கும்படி மருத்துவர் சொன்னார். அப்படி அவர் நடித்த ‘ஆசாத்’ (1955) நமக்குத் தெரிந்த கதைதான், எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ ஹிந்திக்குப் போனது அது. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுதான் இரண்டையும் இயக்கினார். ‘கோஹினூர்’ (1960) படத்தில் ஒரு பாட்டுக்காகச் சித்தார் வாசிக்கவே கற்றுக்கொண்டார். வேடம் உள்ளே இறங்கி மனிதனையே நோயாளியாக்கும் அளவுக்கு ஈடுபட்ட ஒருவருக்கு, பெயர் மட்டும் மேற்சட்டையாகவே இருந்தது. திரைக்குப் பின்னால் அவர் யூசுப்தான். லதா மங்கேஷ்கர் அவரை யூசுப் பாய் என்றே அழைத்தார். ராஜ்கபூருக்கும் அவர் யூசுப்தான். 2014இல் வெளியான தன் சுயசரிதைக்கு நிசமும் நிழலும் என்று பொருள்படத் தலைப்பிட்டார். எது நிசம், எது நிழல் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1960இல் வெளியான ‘முகலே ஆஸம்’ படத்தில் அக்பராக நடித்த பிருத்விராஜ் கபூர் தன் சொந்தப் பெயரில் நடித்தார். இளவரசர் சலீமாக நடித்த யூசுபும், அனார்கலியாக நடித்த மும்தாஜும் இரவல் பெயர்களில் நடித்தார்கள். முஸ்லிம் பாத்திரத்தில் நடிக்க ஒரு முஸ்லிமுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது!

வேளை வந்தபோது யூசுப் என்ன செய்தார்? 1992–93இல் பம்பாய் எரிந்தபோது அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிப் பணிகளில் முன்னின்றார். 1998இல் பாகிஸ்தான் அரசு தன் உயர்ந்த விருதான நிஷானே இம்தியாஸை அவருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு கார்கில் போர் மூண்டபோது, விருதைத் திருப்பிக்கொடு என்று சிவசேனை அவருக்கு எதிராகக் கிளம்பியது. எழுபத்தாறு வயது முதியவரின் நாட்டுப்பற்று சந்தேகிக்கப்பட்டது. அவர் பிரதமர் வாஜ்பாயைச் சந்தித்தார். விருதை வைத்திருப்பதும் திருப்பிக்கொடுப்பதும் உங்கள் விருப்பம் என்று பிரதமர் சொன்னார். அவர் திருப்பிக்கொடுக்கவில்லை.

இங்கே நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சுமந்த அந்த இரவல் பெயர் நெருக்கடி வந்த நாளில் அவருக்கு ஒரு குடையாகக்கூட உதவவில்லை. பகைக்கு ஞாபகசக்தி அதிகம். திலீப்குமார் என்று கைதட்டியவர்களுக்கு யூசுப்கான் என்று ஏசவும் தெரிந்திருந்தது. மறைபெயர் வாசலைக் கடக்க உதவும். வீட்டுக்குள் பாதுகாப்புத் தராது. ஆனால் அந்த நாளில் அவர் பெயருக்குப் பின்னால் ஒளியவில்லை. எனவே மறைத்தவர்தான் அவர், மறுத்தவர் அல்லர் என்று துணிந்து கூறலாம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவருக்கு நற்சான்றிதழ் வழங்கிவிட்டு நானும் பேனாவை மூடியிருப்பேன். முடியவிடாமல் ஒரு பெண் குறுக்கே வருகிறார்.

வஹீதா ரஹ்மான் 1938இல் செங்கல்பட்டில் பிறந்தவர். தமிழ்நாட்டு மண்ணிலிருந்து, தெலுங்கு, தமிழ்ப் படங்களில் நடனமாடிவிட்டு பம்பாய்க்குப் போனவர். குருதத்தின் ‘சி.ஐ.டி.’ (1956) படத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. தந்தையை இழந்த பிள்ளை. தாய்தான் கூட இருந்தார். பெயர் நீளமாக இருக்கிறது, மாற்றவேண்டும் என்றார்கள். மாட்டேன், என் பெற்றோர் இட்ட பெயர் இது என்றார் வஹீதா. அப்போது அவருக்கு எடுத்துக்காட்டப்பட்ட பெயர்கள் எவை தெரியுமா? திலீப்குமார் மாற்றிக்கொள்ளவில்லையா, மீனாகுமாரி மாற்றிக்கொள்ளவில்லையா, மதுபாலா மாற்றிக்கொள்ளவில்லையா என்பதுதான். இதனை வஹீதாவே தன் நினைவுகளில் கூறியிருக்கிறார்.

யூசுபின் செயலில் உள்ள உண்மையான பாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தந்தைக்குப் பயந்து, தனக்காக மட்டும், யாருக்கும் தீங்கு நினையாமல் ஓர் இளைஞன் செய்த காரியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு பிள்ளையின் முன் சட்டமாக நீட்டப்படுகிறது. அவர் அப்படி விரும்பியிருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆயினும் நாம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொன்றும் நமக்குப் பின்னால் வருகிறவனிடம் கேட்கப்படும். ‘உனக்கு முன்னால் வந்தவன் கொடுத்தானே’ என்பதைவிட வலுவான வாதம் கேட்பவனிடம் வேறில்லை. நிய்யத்தைக் கொண்டே செயல் எடைபோடப்படும் என்பதில் நமக்கு ஐயமில்லை. யூசுபின் நிய்யத்தில் கறையில்லை. ஆனால் ஒரு செயல் விட்டுச்செல்லும் தடம் நிய்யத்தோடு நின்றுவிடுவதில்லை.

வஹீதா மறுத்தும் வாய்ப்பை இழக்கவில்லை. ‘சி.ஐ.டி.’ திரையில் வஹீதா ரஹ்மான் என்ற பெயரே வந்தது. பின்னர் ‘ராம் அவுர் ஷியாம்’ (1967) படத்தில் திலீப்குமாருக்கு ஜோடியாக நடித்தார். நாம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யாகப் பார்த்த அதே கதை அது. பெயரை விட்டவரும் விடாதவரும் ஒரே திரையில் நின்றார்கள். திலீப்குமாருக்கு 1994ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. வஹீதா ரஹ்மானுக்கு 2021ஆம் ஆண்டுக்கான அதே விருது. சொந்தப் பெயரோடு சந்தை ஏற்காது என்ற வாதம் முற்றான உண்மையல்ல என்பதற்கு அந்த அம்மையாரின் வாழ்வே விடை.

எல்லோருக்கும் அந்த விடை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. மறுத்து வாய்ப்பிழந்தவர்களின் பெயர்களை எந்த நூலும் எழுதி வைத்திருக்காது. ஆனால் சொந்தப் பெயரில் நின்றவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். தமிழ்த் திரையில் கவி கா.மு.ஷெரீப் அந்தப் பெயரிலேயே பாட்டெழுதினார். நமது நாட்டில் மொகிதீன் பேக் இருந்தார். 1919இல் சேலத்தில் பிறந்து, சிறு வயதில் இலங்கைக்கு வந்து, சிங்களத் திரையிசையில் கொடிகட்டிப் பறந்து 1991இல் மறைந்தவர். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன. பிற மதத்தவரின் பக்திப் பாடலை ஒரு முஸ்லிம் பாடலாமா என்ற கேள்வி வேறு. பாடியவர் மொகிதீன் என்று அறிந்தே அம்மக்கள் அவரை நேசித்தார்கள் என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

இவையெல்லாம் பம்பாய்க்கும் கொழும்புக்கும் உரிய கதைகள், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெயரின் எடை தெரியும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையின் பெயரே ஒருவரை நிறுத்தவும் போகவிடவும் செய்தது. ஓரிடத்தில் காப்பாற்றிய பெயரே இன்னோரிடத்தில் ஆபத்தானது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், 2006இல் மூதூரை விட்டு உடுத்த உடையோடு நடந்தவர்களும் அதனை அனுபவித்தவர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அறபு எழுத்துப் பலகைகள் கழற்றப்பட்டன. கடைகளின் பெயர்கள் சத்தமில்லாமல் மாறின. அவர்களைக் கோழைகள் என்று நான் எழுதமாட்டேன். கல்லெறிக்குப் பயந்து பலகையைக் கழற்றியவனைவிட, கல்லை எடுத்தவனே குற்றவாளி.

அந்த ஆண்டுகளில்தான் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வந்த இளம் தகப்பன் ஒருவர், இளைய பிள்ளைக்கு எந்த இனமென்று தெரியாத ஒரு பெயராக வைக்கலாமா சேர் என்று என்னிடம் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. கொழும்பில் வேலை தேடி, பெயரைச் சொன்னதும் முகம் மாறியதைக் கண்டவர் அவர். எங்கள் எழுத்தாளர்களுக்கும் புனைபெயர் உண்டே என்றும் கேட்டார். உண்டுதான். ஏறாவூரின் புரட்சிக் கமால் முதல் தமிழ்நாட்டின் இன்குலாப் வரை நம் இலக்கியத்தில் புனைபெயருக்குக் குறைவில்லை. ஆனால் அவை எழுத்துக்காகத் தாமே விரும்பிச் சூடியவை. வாசலில் நின்றவன் கேட்டதற்காகக் கழற்றி வைத்தவை அல்ல.

அழகான பொருளுள்ள எந்தப் பெயரையும் வைக்க மார்க்கம் தடுக்கவில்லை, ஆனால் பயத்தில் பெயர் வைக்காதீர்கள் என்று அவருக்குச் சொன்னேன். உங்கள் பிள்ளை அந்தப் பெயரால் ஒரு வாசலைக் கடந்துவிடக்கூடும். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே வாசலுக்கு யூசுப் என்ற பெயரோடு வரும்போது, உங்கள் பிள்ளையைக் காட்டித்தான் அவனிடம் கேட்பார்கள். அவர் மௌனமாக இருந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை. அது அந்தக் குடும்பத்தின் உரிமை.

1967இல் சென்னையில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் திலீப்குமார் என்று பெயரிட்டார்கள். அவர் இஸ்லாத்தைத் தழுவி, 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது ஏ.ஆர்.ரகுமான் என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானார். அதே காலத்தில் கான் என்ற பெயரை மறைக்காத மூவர் ஹிந்தித் திரையில் கதாநாயகர்களானார்கள். யூசுபுக்கு 1944இல் மூடியிருந்த கதவு அரை நூற்றாண்டில் திறந்தது. அதைத் திறந்ததில் யூசுபின் நடிப்புக்கும் பங்குண்டு, வஹீதாவின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. இருவரில் யாருடைய வழி சரி என்று கேட்டால், வஹீதாவின் வழியே சரி என்பேன். யூசுபின் வழி மன்னிக்கத்தக்கது. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டிய காலத்தில் நாம் இருக்கிறோம்.

2021 ஜூலை 7ஆம் திகதி, தொண்ணூற்றெட்டு வயதில் அவர் காலமானார். மும்பை ஜுஹு மையவாடியில் அரச மரியாதையோடு நல்லடக்கம் செய்யப்பட்டார். செய்தித்தாள்கள் திலீப்குமார் மறைந்தார் என்று எழுதின. ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்பில் நின்றவர்கள் யூசுபுக்காக நின்றார்கள். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.